வெயிலின் பங்கு, மாத்திரையின் எல்லை
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவத்தைப் பொதுமக்களிடம் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நோக்கம். அதற்கேற்ப, என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வியையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்று நோய் உறுதியானதும் குடும்பத்தார் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டிக் கேட்கிறார்கள்: “டாக்டர், வைட்டமின் டி ரொம்பக் குறைவா இருக்காமே. வெயிலில் நின்றால் சரியாகிவிடுமா? அந்த மாத்திரையை மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா?”

நியாயமான கேள்விதான். ஆனால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.எஸ். வரும் அபாயத்தைக் குறைப்பதில் வெயிலுக்குப் பங்கு உண்டு என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. வந்துவிட்ட நோயை வெயிலோ வைட்டமினோ தனியாக அடக்கிவிடும் என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. காப்பது வேறு, தீர்ப்பது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்போது நோயாளி சிகிச்சைக்கு உரிய காலத்தை இழக்கிறார். அந்தக் காலத்தில் அழிந்த நரம்பிழைகள் திரும்ப வருவதில்லை.

நோயின் இயல்பு

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. மின்கம்பியின் மேலுள்ள உறையைப் போல அது செய்தி சிதறாமல் விரைந்து செல்ல உதவுகிறது. எம்.எஸ். நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே இந்த உறையைத் தாக்குகின்றன. தாக்கிய இடம் எதுவோ அதற்கேற்ப அறிகுறி தோன்றும். ஒரு கண்ணில் பார்வை மங்கலாம், கால் மரத்துப்போகலாம், நடை தள்ளாடலாம், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம். பலருக்குச் சில வாரங்களில் அது தணிந்து, சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வேறோர் இடத்தில் மறுபடி தாக்கும்.

பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ 1868-இல் இதைத் தனி நோயாக வரையறுத்து விளக்கினார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களையே கூடுதலாகப் பாதிக்கும். 2020-இல் வெளியான உலகக் கணக்கெடுப்பு, இந்நோயோடு வாழ்பவர்கள் சுமார் 28 லட்சம் பேர் என்றது. நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்பெரான் பீட்டா அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1993-இல். அதற்குப் பிறகு வந்த மருந்துகள் பல. இன்று எம்.எஸ். மருந்துள்ள நோய், நான் இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றையும் இதை நினைவில் வைத்தே கேட்க வேண்டும்.

வரைபடம் காட்டிய வழி

வெயில் பற்றிய சந்தேகம் முதலில் எழுந்தது வரைபடத்தைப் பார்த்துத்தான். பூமத்தியரேகைக்கு அருகே எம்.எஸ். அரிது, துருவங்களை நோக்கிப் போகப்போக மிகுதி. அமெரிக்கப் படையில் பணியாற்றியவர்களில் எம்.எஸ். வந்தவர்கள் எங்கே பிறந்தார்கள் என்று 1960-இல் அச்சிசனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். வெயில் மிகுந்த பகுதிகளில் பிறந்தவர்களுக்கு நோய் குறைவாக இருந்தது. நார்வேயில் 1952-இலேயே வேறொன்று கவனிக்கப்பட்டிருந்தது. அங்கே உள்நாட்டு விவசாயப் பகுதிகளைவிடக் கடலோர மீனவ ஊர்களில் நோய் குறைவு. கொழுப்பு மிகுந்த கடல்மீனில் வைட்டமின் டி உண்டு. இந்த இழைகளைச் சேர்த்து, வைட்டமின் டி குறைவே எம்.எஸ். நோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை 1974-இல் கோல்ட்பர்க் முன்வைத்தார்.

வைட்டமின் டி உருவாகும் விதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெயிலிலுள்ள புற ஊதா பி கதிர் தோலில் படும்போது, அங்குள்ள ஒரு கொலஸ்ட்ரால் வகைப் பொருள் வைட்டமின் டி-யாக மாறுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை அடுத்தடுத்து மாற்றிச் செயல்படும் வடிவுக்குக் கொண்டுவருகின்றன. எலும்புக்கு மட்டுமல்லாமல் எதிர்ப்பு அணுக்களுக்கும் அது கட்டளை தருகிறது. அந்த அணுக்களில் அதற்கென ஏற்பிகள் உள்ளன. சூரியன் தாழ்ந்திருக்கும்போது புற ஊதா பி கதிரை வளிமண்டலம் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் நின்றாலும் தோலில் வைட்டமின் டி உருவாகாது என்று 1988-இல் நிறுவினார்கள். கனடாவின் எட்மன்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரை அதே நிலை.

இவற்றைவிட வடக்கே, ஸ்காட்லாந்துக்கு அப்பால், 59 பாகை அட்சரேகையில் ஆர்க்னித் தீவுகள் இருக்கின்றன. 2012-இல் வெளிவந்த ஆய்வின்படி அங்கே லட்சத்துக்கு 402 பேருக்கு எம்.எஸ்.; உலகில் பதிவான மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. அருகிலுள்ள ஷெட்லாந்தில் 295, ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரில் 229. இருண்ட குளிர்காலம்தான் காரணம் என்று இதோடு முடித்துவிடத் தோன்றும். ஆனால் ஆர்க்னி மக்களின் ரத்தத்தையே அளந்து பார்த்த ஆய்வு 2016-இல் வந்தது. அவர்களுடைய வைட்டமின் டி அளவு, ஸ்காட்லாந்து நிலப்பகுதி மக்களின் அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. வயல்வெளியில் வேலை செய்யும் விவசாயிகள் அந்தத் தீவுகளில் அதிகம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆக, ஆர்க்னியின் பெரும் சுமையை வைட்டமின் குறைவு மட்டும் விளக்கவில்லை. வரைபடம் வழியைக் காட்டும், தீர்ப்பு சொல்லாது.

கையின் புறத்தோல்

ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவில், வடக்கேயுள்ள குயின்ஸ்லாந்தைவிடப் பல மடங்கு எம்.எஸ். உண்டு. 2003-இல் வெளியான டாஸ்மேனிய ஆய்வில் நோயுள்ள 136 பேரையும் நோயில்லாத 272 பேரையும் ஒப்பிட்டார்கள். சிறு வயதில் எவ்வளவு நேரம் வெயிலில் விளையாடினீர்கள் என்று கேட்டார்கள். நாற்பது வயதில் ஒருவர் ஆறு வயது வெயிலைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது? இதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. ஒவ்வொருவரின் இடது புறங்கையிலும் சிலிக்கோன் குழம்பைத் தடவி, அது இறுகியதும் உரித்தெடுத்தார்கள். தோலின் நுண்வரிகள் அந்த அச்சில் அப்படியே பதிந்துவிடும். வெயிலில் நெடுங்காலம் கிடந்த தோலில் மெல்லிய வரிகள் அழிந்து, சொரசொரப்பான பள்ளங்கள் தெரியும். ஞாபகம் தவறலாம், தோலில் விழுந்த தடம் தவறாது.

6 முதல் 15 வயது வரை கோடை விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயிலில் இருந்தவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. புறங்கை அச்சும் கிட்டத்தட்ட அதே விகிதத்தைத் தந்தது. குழந்தைப் பருவமும் வளரிளம் பருவமும்தான் முக்கியம் என்ற குறிப்பு இதிலிருந்து கிடைக்கிறது.

நோய்க்கு முன்பே எடுத்த ரத்தம்

இங்கே ஒரு மறுப்பு எழும். நடக்கச் சிரமப்படுபவர் வீட்டுக்குள் இருப்பார், வெயில் படாது, வைட்டமின் டி குறையும். அப்படியானால் குறைவு நோயின் விளைவாகத்தானே இருக்கும்? இதற்கு விடை காண, நோய் தொடங்குவதற்கு முன்பே எடுத்த ரத்தம் வேண்டும். அமெரிக்க ராணுவம் தன் வீரர்களின் ரத்த மாதிரிகளை உறைநிலையில் சேமித்து வைத்திருக்கிறது. 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரில், பின்னாளில் எம்.எஸ். வந்த 257 பேரின் பழைய மாதிரிகளை ஹார்வர்டைச் சேர்ந்த மங்கரும் குழுவினரும் எடுத்துச் சோதித்தார்கள். 2006-இல் வெளியான முடிவு இது: வெள்ளையரில் வைட்டமின் டி அளவு லிட்டருக்கு 50 நானோமோல், அதாவது நம் பரிசோதனைத் தாள்களின் கணக்கில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம், கூடும்போதெல்லாம் நோய் வரும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. கறுப்பின வீரர்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை.

2015-இல் மரபியல் வழியிலும் சோதித்தார்கள். பிறவியிலேயே வைட்டமின் டி சற்றுக் குறையும்படியான மரபணுக்களோடு சிலர் பிறக்கிறார்கள். நோய் வந்து அந்த மரபணுவை மாற்ற முடியாது. அப்படிப் பிறந்தவர்களுக்கு எம்.எஸ். வாய்ப்பு அதிகமாகவே இருந்தது. எனவே வைட்டமின் டி குறைவு காரணங்களில் ஒன்று என்பதை ஏற்கலாம். காரணம் அது ஒன்றே என்றும் கொள்ளக்கூடாது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பிறகு எம்.எஸ். அபாயம் 32 மடங்கு உயர்கிறது என்று அதே ராணுவச் சேமிப்பிலிருந்து 2022-இல் கண்டறிந்தார்கள். புகைபிடித்தல், சில மரபணுக்கள் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

வெயிலும் வைட்டமினும் ஒன்றா?

வெயிலின் நன்மை முழுவதையும் மாத்திரைக்குள் அடைத்துவிடலாம் என்று நினைப்பது எளிது. ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வெயில் பட்ட அளவும் வைட்டமின் டி அளவும் தனித்தனியாகவே அபாயத்தைக் குறைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு, எம்.எஸ். போன்ற நோயை உண்டாக்கிய எலிகளின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி பெரிதாக உயராமலே நோய் தணிந்தது. வைட்டமின் டி வழியாக அல்லாமலும் ஒளி நோயைத் தணிக்கக்கூடும் என்பதையே இது காட்டுகிறது.

மாநிறமும் கருநிறமும் கொண்ட நமக்கு இன்னும் நெருக்கமான சான்று தென் கலிபோர்னியாவிலிருந்து 2018-இல் வந்தது. கறுப்பினத்தவர், வெள்ளையர் ஆகிய இரு பிரிவினரிடமும் வாழ்நாள் வெயில் அதிகமானவர்களுக்கு எம்.எஸ். குறைவாக இருந்தது. லத்தீன் அமெரிக்க வழியினரிடமும் அதே போக்கு தெரிந்தது, ஆனால் புள்ளியியல்படி அது உறுதியாகவில்லை. வைட்டமின் டி அளவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்போ வெள்ளையரிடம் மட்டுமே தெரிந்தது. வெள்ளைத் தோலை வைத்து எழுதிய விதியை எல்லாத் தோலுக்கும் பொருத்தக்கூடாது என்பதே இதன் பாடம்.

மாத்திரையின் சோதனைகள்

நோய் வந்தவர்களுக்கு வைட்டமின் டி கொடுத்தால் என்ன ஆகிறது? 2019-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இன்டர்பெரான் எடுத்துக்கொண்டிருந்த 229 பேரில் ஒரு பாதிக்கு நாளுக்குச் சுமார் 14,000 யூனிட் சேர்த்துக் கொடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் புதிய தழும்புகள் குறைந்தன. ஆனால் ஆய்வின் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் கிளாட்டிராமர் என்ற எம்.எஸ். மருந்தோடு 5,000 யூனிட் பெற்றவர்களுக்கும் 600 யூனிட் பெற்றவர்களுக்கும் நோய்த் தாக்குதலில் வேறுபாடு இல்லை. முதல் தாக்குதல் மட்டும் கண்டவர்களுக்கு 1,000, 5,000, 10,000 யூனிட் என மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய - நியூசிலாந்து ஆய்வு 2024-இல் வந்தது. எந்த அளவும் எம்.எஸ். ஆக மாறுவதைத் தடுக்கவில்லை.

பிறகு 2025-இல் பிரான்சிலிருந்து நம்பிக்கை தரும் முடிவு ஒன்று கிடைத்தது. நோய் இப்போதுதான் தொடங்கிய, வேறு மருந்து ஆரம்பிக்காத 316 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1 லட்சம் யூனிட். இரண்டு ஆண்டுகளில், வைட்டமின் பெற்றவர்களில் 60.3 சதவீதம் பேருக்கு நோய் மீண்டும் முனைந்தது, மற்றவர்களில் 74.1 சதவீதம். இதை முழுமையாகப் படிக்க வேண்டும். வேறுபாடு பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்ததே, கண்ணுக்குத் தெரியும் தாக்குதல்களின் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு இல்லை. வைட்டமின் எடுத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் முனைந்தது என்பதையும் மறக்கலாகாது. இந்த ஆய்வு வைட்டமின் டி-க்கு ஓர் இடம் தருகிறது. மற்ற மருந்துகளின் இடத்தை அதற்குக் கொடுத்துவிடவில்லை.

இரு வகை ஒளிப் பெட்டிகள்

ஒளி சிகிச்சை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சிகிச்சைகள் உலவுகின்றன. ஒன்று, சோரியாசிஸ், வெண்புள்ளி ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் குறுகிய அலைவரிசைப் புற ஊதா பி ஒளி. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், முதல் தாக்குதல் கண்ட 20 பேரை இரண்டாகப் பிரித்து, 10 பேருக்கு எட்டு வாரங்களில் 24 முறை இந்த ஒளியைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில், ஒளி பெறாத 10 பேருக்கும் எம்.எஸ். உறுதியானது, ஒளி பெற்றவர்களில் 7 பேருக்கு. புள்ளியியல்படி இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கத் தகுந்த முடிவு இது. சிகிச்சையாக எழுதித் தரத் தகுந்த முடிவு அல்ல.

மற்றொன்று, 10,000 லக்ஸ் அளவில் வெள்ளொளி தரும் மேசைப் பெட்டி. எம்.எஸ். நோயாளிகளை வாட்டும் கடும் சோர்வுக்கு இதைப் பாஸ்டனிலும் வியன்னாவிலும் சிறிய அளவில் சோதித்தார்கள். பிரகாசமான ஒளி பெற்றவர்களுக்கும் ஒப்பீட்டுக்காக மங்கலான ஒளி பெற்றவர்களுக்கும் ஒரேபோலச் சோர்வு குறைந்தது. இந்தப் பெட்டி புற ஊதாக் கதிரை வெளியிடுவதில்லை. இதன் முன் எவ்வளவு நேரம் அமர்ந்தாலும் வைட்டமின் டி உண்டாகாது. விளம்பரத்தைப் பார்த்து வாங்குமுன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் நிலத்தில்

2014-இல் வெளியான மங்களூர் ஆய்வு, அந்நகரில் லட்சத்துக்கு 8 பேர் அளவில் எம்.எஸ். இருப்பதாகக் கணக்கிட்டது. ஆர்க்னியின் 402-ஐ நினைத்துப் பாருங்கள். ஆனால் வெயில் கொட்டும் இதே இந்தியாவில் வைட்டமின் டி குறைவு மிகப் பரவலானது. ஆகவே நம் தாளில் அளவு குறைவாக இருப்பதைக் கண்டதும், நோய்க்குக் காரணம் பிடிபட்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறியவர்களிடம் எம்.எஸ். குறைவாகவும், அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளிடம் பிரிட்டன் மக்களின் விகிதத்தை நெருங்கியும் இருந்ததை 1990-இல் கண்டார்கள். வளரும் சூழல் இந்த நோயில் எவ்வளவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெயிலில் நில்லுங்கள் என்று நோயாளியிடம் சொல்லுமுன் இன்னொன்றைக் கருத வேண்டும். உடல் சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். உடற்பயிற்சிக்குப் பின் நோயாளிகளின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தாஃப் 1890-இலேயே விவரித்தார். ஒரு காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் இருத்தி நோயைக் கண்டறியும் பழக்கமே இருந்தது. வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் வலுவாக இருப்பது முற்பகல் பத்து மணி முதல் மூன்று மணி வரை. இளவெயிலில் அது மிகக் குறைவு. சித்திரை மாத உச்சி வெயிலில் கண் மங்கி, கால் துவண்டு விழுந்துவிடக்கூடியவரை அந்த நேரத்தில் மொட்டை மாடிக்கு அனுப்புவது தீங்கு. அவருக்கு மாத்திரையே பாதுகாப்பான வழி.

அந்த மாத்திரையிலும் கவனம் வேண்டும். நம் மருந்துக்கடைகளில் 60,000 யூனிட் பாக்கெட் சாதாரணமாகக் கிடைக்கிறது. வாரம் ஒன்று என்று எழுதியதை நாளுக்கு ஒன்று என்று மாதக்கணக்கில் பாலில் கலந்து குடித்தவர்களை நான் வெளிநோயாளிகள் பிரிவில் பார்க்கிறேன். ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், தளர்ச்சி, குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் பழுதாகும் வரை போகலாம். தளர்ச்சியும் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொல்லையும் எம்.எஸ். நோயிலும் உண்டு. நோய் முற்றுகிறது என்று எண்ணி வீட்டார் இன்னும் ஒரு பாக்கெட்டைப் பிரிப்பார்கள். இதனால்தான் வைட்டமின் டி-யை மிகை அளவில் கொடுக்கும் சிகிச்சைகளை நான் அழுத்தமாக எதிர்க்கிறேன்.

நிறைவாக நான் வேண்டுவது இவை. எம்.எஸ். உள்ளவர்கள் வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் மருத்துவர் சொன்ன அளவில் நிரப்புங்கள். நீண்டகாலம் எடுத்தால் கால்சியத்தையும் சோதியுங்கள். நோயின் போக்கை மாற்றும் மருந்தை அதற்காக ஒரு நாளும் நிறுத்தாதீர்கள், தள்ளிப்போடாதீர்கள். மருந்துக்கடை நண்பர்கள் அந்தப் பாக்கெட்டின் மேல் “வாரம் ஒன்று மட்டும்” என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். பெற்றோர் பிள்ளைகளை விளையாட வெளியே விடுங்கள். புகையை அவர்களிடமிருந்து விலக்குங்கள். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு பணி காத்திருக்கிறது. நம் தோலுக்கு, நம் வெயிலில், நம் நோயாளிகளிடம் வைட்டமின் டி என்ன செய்கிறது என்ற கேள்விக்கு டாஸ்மேனியாவும் பிரான்சும் பதில் சொல்ல முடியாது. அந்த ஆய்வை நீங்கள்தான் செய்ய வேண்டும்.